குழாயின் அந்த முனை

விரலை எடுக்கச் சொல்ல இப்போது ஆளில்லை. கல் அடுக்க வரும் பெண்களைக் கூட்டிவர யமுனா கீழே ஊருக்குப் போய்விட்டாள், அவள் பையில் பிஸ்கெட் இருப்பது தெரிந்து செவலை நாயும் பின்னாலேயே போய்விட்டது, இனி இந்தச் சரிவில் நானும் அவனும்தான். என் கையில் ஒரு கம்பு, கம்போடு சேர்த்துப் பிடித்த குழாயின் ஒரு முனை. அவன் கையில் இன்னொரு கம்பு, அதே குழாயின் மறுமுனை. நடுவில் குழாய் புல்மேல் கிடக்கிறது, உள்ளே நீலம் கலந்த தண்ணீர். நடக்கும்போது தண்ணீர் சிந்தாமல் இருக்க இரண்டு பேரும் குழாய் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொள்ள வேண்டும், நின்றதும் விரலை எடுக்க வேண்டும், எடுத்தால் தண்ணீர் ஏறி இறங்கி இரண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வரும், கம்பில் போட்டிருக்கிற கோட்டுக்கு நேராக அது நிற்கிற இடம் பார்த்து முளை அடிக்க வேண்டும். முளைகளின் வழியே கல் வரப்பு போட்டால் மழைத்தண்ணீர் ஓடாமல் நின்று, தூக்கிவந்த மண்ணை அங்கேயே விட்டுவிட்டு மெல்ல இறங்கும். இவ்வளவுதான் வேலை. அவன் போய் நின்றுவிட்டான். என்னைப் பார்க்கவில்லை, கம்பைப் பார்க்கிறான். எடு என்று சொல்லட்டும் என்று நானும் நிற்கிறேன். சொல்ல மாட்டான். வெள்ளையன் என் கூடப் பிறந்த தம்பி, எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

காலையில் யமுனா நடுவில் நின்றாள். அவன் அவளிடம் சொல்வான், "எடுக்கச் சொல்லும்மா." அவள் என் பக்கம் திரும்பி, "பெரியப்பா, எடுங்க" என்பாள். "எடுத்தாச்சுன்னு சொல்லு" என்பேன் நான். "சித்தப்பா, எடுத்தாச்சாம்." பலா மரத்தில் ஆரம்பித்துக் கொன்றை மரம்வரை இப்படியே வந்தது. அங்கே வந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நான் என்ன போன் டவரா? ரெண்டு பேருக்கும் வாய் இருக்குல்ல" என்றாள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். மண் அரிக்காமல் வரப்பு போட ஆபீஸிலிருந்து அனுப்பிய பெண் அவள், பச்சைமலைக்காரி, எங்கள் ஆட்கள்தான், ஆனாலும் எங்கள் ஊர்க்காரி இல்லையே, யாரிடம் எதைக் கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியவில்லை. பெரியப்பா சித்தப்பா என்று அவள் கூப்பிடுவதே எனக்கு ஒப்பவில்லை. என்னைப் பெரியப்பா என்பவள் அவனைச் சித்தப்பா என்றால் அவன் என் தம்பி என்று ஒவ்வொரு தடவையும் யாரோ சொல்கிற மாதிரி இருக்கிறது. மாமா என்று கூப்பிடு என்று சொல்லிப் பார்த்தேன். "போங்க பெரியப்பா" என்று சிரித்துவிட்டாள். அவள் இல்லாத நாளில் அவனுக்கு நாய் இருக்கிறது. என் காடும் அவன் காடும் மேலும் கீழுமாக ஒட்டிக் கிடப்பதால் ஒருவன் சொல்வது இன்னொருவனுக்குக் கேட்டுவிடும். "டே செவல, கீழ்க்காட்டுப் பெரிய மனுசன் ஆட்டைக் கட்டாம உட்டுட்டாரு, பயிரு உனக்கா எனக்கா." நான் ஆட்டிடம் சொல்வேன். "மேயி, நம்ம அப்பன் காடுதான், மேயி." அந்த ஆட்டையும் விற்றுவிட்டேன். விற்ற பிறகுதான் தெரிந்தது, அவனுக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று. கொஞ்ச நாள் மண்வெட்டியிடம் சொல்லிப் பார்த்தேன். நன்றாக இல்லை.

முளை அடிக்கிறான். என் விரல் இன்னும் குழாய் வாயிலேயே இருக்கிறது. எடுக்கச் சொல்லாமலே அடித்துவிட்டான், சரி, அது அவன் பாடு. குழாய் இழுபடுகிறது, நானும் நடக்கிறேன், அவன் முளை அடித்த இடத்தில் நான் போய் நிற்க வேண்டும், அவன் இன்னும் தள்ளிப் போவான். கொளுத்துகிற வெயில், ஆனால் சேராப்பட்டுப் பக்கம் வானம் இருண்டு கிடக்கிறது. மேல்காடு அவனுடையது, கீழ்க்காடு என்னுடையது. அப்பா செத்த வருஷம் பாகம் பிரித்தோம். எங்கள் வகையறாவில் அதற்கு ஒரு முறை உண்டு, மூத்தவன் பங்கு பிரிப்பான், இளையவன் முதலில் எடுப்பான். பிரிக்கிறவனுக்கு எடுக்கிற உரிமை இல்லாததால் நியாயமாகப் பிரிப்பான் என்று எவனோ யோசித்து வைத்திருக்கிறான். நான் குறுக்கே பிரித்தேன். மேலே பலா மரம், நடந்தால் மூச்சு வாங்காத தட்டையான காடு. கீழே சரிவு, ஆனால் ஊற்று இருக்கிறது, வீடு பக்கம். வீட்டுக்குப் பக்கம் என்று கீழ்க்காட்டை எடுப்பான் என்று நினைத்தேன், அப்போதுதான் கல்யாணம் ஆனவன், பெண்டாட்டி தண்ணீர் தூக்கவேண்டுமே. ஊர்க்கவுண்டர் முன்னால் நின்று, என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, நேராக ஏறிப்போய்ப் பலா மரத்தில் கை வைத்தான். "இது" என்றான். ஒரே சொல். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நான் என்ன சொல்வது. முறைப்படி செய்தவன்மேல் சண்டைகூடப் போட முடியாது. திருடினான் என்றால் கேட்கலாம், ஏமாற்றினான் என்றால் கேட்கலாம். அவன் என்னைப் பார்த்தானே, எடுப்பதற்கு முன்னால், அந்தப் பார்வையை யாரிடம் போய்ச் சொல்வது. என் மனசில் என்ன இருந்தது என்று பார்த்துவிட்டுத்தான் ஏறிப் போனான்.

அதற்குப் பிறகு மேல்காட்டில் குச்சிக்கிழங்கு வந்தது. ஆத்தூரிலிருந்து மரவள்ளிக் கிழங்கு அரைக்கிற மில்லின் புரோக்கர் வந்தான், சாமையும் தினையும் கிடந்த காட்டில் எல்லோரும் கிழங்குக்குச்சி நட்டார்கள், நானும் நட்டேன். அவன் மேலிருந்து கீழாக நேராக ஏர் ஓட்டினான், ஒவ்வொரு சாலும் தண்ணீர் இறங்க ஒரு வாய்க்கால். கிழங்கு பிடுங்கும்போது காடே கிளறிக் கிடக்கும், அப்போது பார்த்து மழை வரும், மேல்காடு கீழே இறங்கிவிடும். "என் மண்ணையெல்லாம் தின்னுகிட்டு ஒரு ஆளு கொழுக்குது செவல" என்று நாயிடம் சொன்னான். மண்ணா வந்தது? மண் என் காட்டில் நிற்கவே இல்லை, என் காட்டு மண்ணையும் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டது. எனக்கு மிஞ்சியது பருக்கைக்கல். அவன் என்னைத் திருடன் என்கிறான், நான் அவனை நாசகாரன் என்கிறேன், இரண்டு பேருடைய மண்ணும் எங்கேயோ சமவெளியில் ஏதோ ஏரிக்கு அடியில் கிடக்கிறது. இதை யமுனாதான் சொன்னாள். இப்படிச் சொல்லவில்லை, மண்ணைத் தண்ணீரில் முக்கிக் காட்டினாள். ஊர் மைதானத்தில் மேஜை போட்டு மூன்று கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, சாமித் தோப்பிலிருந்து எடுத்த மண்கட்டி ஒன்று, என் காட்டுக் கட்டி ஒன்று, அவன் காட்டுக் கட்டி ஒன்று, மூன்றையும் கம்பி வலையில் வைத்து முக்கினாள். தோப்புக் கட்டி அப்படியே இருந்தது. எங்கள் இரண்டும் உதிர ஆரம்பித்தன. ஊரே கூடி நின்று சிரித்தது. "சடையன் கட்டி முந்துதுடா." "இல்லடா, வெள்ளையனுது பாரு, கஞ்சியாயிடுச்சு." "அண்ணன் தம்பி ஒத்துமையா கரையறாங்க இன்னிக்குத்தான்." யார் காட்டு மண் என்று சொல்லாமல் அவள் வைத்திருக்கலாம். சீட்டு எழுதி ஒட்டி வைத்தாள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன், என் பெயரை வாசிக்க அது போதும். அந்தப் பாட்டிலை நான் மறக்கவில்லை. அவளிடம் சொன்னதில்லை, ஆனால் மறக்கவில்லை. நான் எதையும் மறப்பதில்லை. மகள் பூங்காவனம் திருப்பூரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம், "உனக்கு அது ஒண்ணுதானேப்பா சொத்து" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள், பிறகு பின்னால் தையல் மிஷின் சத்தம் கேட்கும், வைத்துவிடுவாள்.

மறுபடி முளை. மறுபடியும் சொல்லவில்லை. சொல்லாதவன் சொல்லுக்கு நான் ஏன் விரலை எடுக்க வேண்டும். விரல் நுனி வெளுத்துச் சுருங்கிவிட்டது, உள்ளே தண்ணீர் விரலைக் கொஞ்சம் உறிஞ்சுகிற மாதிரி இருக்கிறது. யமுனாவுக்கு முன்னாலும் ஆபீஸ் ஆட்கள் வந்திருக்கிறார்கள். சவுக்குக் கன்று கொடுத்தார்கள், வரும்போதே வேர் காய்ந்த கன்று. என் கையில் மண்வெட்டியைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள், நான் நிமிர்ந்து நின்றேன், குனிஞ்சு வெட்டுற மாதிரி நில்லு என்றான் ஒருவன். பேர் என்ன, எவ்வளவு காடு, என்ன பயிர் என்று கேட்டுக்கொண்டே வந்த இன்னொருவன், நான் ஒரு கேள்வி கேட்டதற்கு, உனக்குச் சொன்னா புரியாது என்றான். அந்த ஆளின் சட்டை நிறம்கூட எனக்கு நினைவிருக்கிறது. யமுனா அப்படி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். முதல் தடவை என் வீட்டுக்கு வந்தபோது நான் உட்காரச் சொல்லவில்லை, தானாகவே அம்மிக்கல்மேல் உட்கார்ந்தாள். இரண்டாம் தடவை வந்தபோது ஆட்டாங்கல்லில் ஏதோ அரைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். "வரப்பு உங்க எல்லையில வராது பெரியப்பா. தண்ணி எங்க மட்டமா நிக்குமோ அங்கதான் வரும். சில எடத்துல உங்க காட்டுக்குள்ள வரும், சில எடத்துல சித்தப்பா காட்டுக்குள்ள போவும். ரெண்டு பேரும் சரின்னாத்தான் முடியும். ஒருத்தர் விட்டாலும் தண்ணி அந்த எடத்துல ஒடச்சுகிட்டுப் போயிடும்." அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். "நீங்க சொன்னா சரின்னாரு." இது எனக்குப் பிடிக்கவில்லை. நான் சொன்னால் சரி என்று எனக்கே வந்து சொல்ல வேண்டியதுதானே. ஒரு மாசம் இழுத்தேன். பிறகு சரி என்றேன். அவள் தன் பேச்சால் நான் இறங்கி வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், ஆபீஸில் சொல்லியும் இருப்பாள். அதனால் இல்லை. கொய்யா மரத்துக்காக.

கொய்யா மரம் என் காட்டின் மேல் ஓரத்தில் நிற்கிறது. அதன் அடியில்தான் என் பெண்டாட்டி நல்லம்மாவைப் புதைத்தோம். அவளே வைத்த கன்று, காய்ப்பதற்குள் போய்விட்டாள். போன ஐப்பசி மழையில் மேல்காட்டுத் தண்ணீர் ஒரு இடத்தில் திரண்டு இறங்கி என் காட்டைப் பிளந்துகொண்டு போனது, ஆள் இறங்கி நிற்கிற ஆழம், நடுவில் கொய்யா மரத்தின் ஒரு பக்கத்து வேர் வெளியே தெரிந்தது. காலையில் போய்ப் பார்த்தபோது வேரைத்தான் முதலில் பார்த்தேன், பிறகு வேருக்கு அந்தப் பக்கம் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் தனியாகப் போய்க் கல்லும் மண்ணும் வாரிப் போட்டேன். யாரையும் கூப்பிடவில்லை. யாரைக் கூப்பிடுவது. மேலே அவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், நாயிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. வெறுமனே நின்றான். அவன் அங்கே நின்றதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். இறங்கி வந்து ஒரு கூடை தூக்கியிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம். நல்லம்மா போன அன்றைக்கும் இப்படித்தான். குழி அவன்தான் வெட்டினான். ஒருத்தரையும் மண்வெட்டியைத் தொடவிடாமல் வெட்டினான், அதை ஊரில் எல்லோரும் சொல்வார்கள், வெள்ளையன் எப்படி வெட்டினான் பார் என்று. இறக்கினோம். பங்காளிகள் ஒவ்வொருவராக வந்து பிடி மண் போட்டார்கள். அவன் முறை வந்தபோது ஆளைக் காணோம். பார்த்தால் மேட்டில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறான், முதுகு தெரிகிறது. வேற்றூர் ஆள், சம்பந்தமே இல்லாதவன், அவன்கூட ஒரு பிடி போட்டுவிட்டுப் போனான். அவள் கையால் சமைத்துப் போட்டதைச் சாப்பிட்டவன் இவன். பாகம் பிரிப்பதற்கு முன் ஒரே அடுப்பு, அவனுக்குத்தான் முதலில் போடுவாள், சின்னவன் பசி தாங்க மாட்டான் என்பாள். ஒரு பிடி மண். அதற்கு என்ன கை வலிக்கப் போகிறது. பலா மரத்தை எடுத்ததைக்கூட நான் ஒரு நாள் விட்டிருப்பேன். விட்டிருப்பேனா தெரியாது. ஆனால் இதை விட முடியாது.

முளை அடிக்கிற சத்தம் எங்கிருந்து வருகிறது. கீழே இருந்து வருகிறது. நிமிர்ந்து பார்க்கிறேன், அவன் பள்ளத்தில் இறங்கி நிற்கிறான், என் காட்டுக்குள். அடுத்த முளை என் காட்டுக்குள் இவ்வளவு இறங்கி வருமா? கொன்றை மரம்வரை வரப்பு அவன் பக்கம்தான் ஏறிப் போனது, அதற்குப் பிறகு அடித்த முளையெல்லாம் இறங்கிக்கொண்டே வருகிறது. என் காட்டைப் பிடிக்கிறான் என்றுதான் முதலில் தோன்றியது. கைக்கு வந்தது கோபம், விரலைக் குழாய் வாயில் இன்னும் அழுத்தினேன். அழுத்தும்போதுதான் உறைத்தது. விரலை நான் எடுக்கவே இல்லை. கொன்றையிலிருந்து ஒரு முளைக்குக்கூட எடுக்கவில்லை. என் பக்கம் மூடியிருந்தால் அவன் பக்கம் தண்ணீர் ஏறாது இறங்காது, அவன் மேட்டில் நின்றாலும் பள்ளத்தில் நின்றாலும் ஒரே இடத்தில்தான் நிற்கும். அவன் அடித்ததெல்லாம் மட்டம் பார்த்த முளை இல்லை, கண் போன போக்கில் அடித்த முளை. சரிவில் கண்ணை நம்பாதீங்க என்று அவள் காலையிலேயே சொன்னாள், சரிவில் நிற்கிறவனுக்குப் பள்ளம் மட்டமாகத் தெரியுமாம். பார்க்கிறேன். முளைகள் கொன்றையிலிருந்து இறங்கி வந்து பள்ளத்தில் சேர்கின்றன. அந்த வழியே கல் அடுக்கினால் மேல்காட்டுத் தண்ணீர் முழுக்க வரப்போடு சேர்ந்து ஓடிவந்து இந்தப் பள்ளத்தில் நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கும். கல்லைத் தள்ளிக்கொண்டு இறங்கும். பள்ளத்துக்கு நேர் கீழே கொய்யா மரம்.

வேண்டுமென்றா செய்தேன்? இல்லை. சொல்லவில்லை, அதனால் எடுக்கவில்லை. அவ்வளவுதான். சொல்லாதது அவன். ஆனால் அவனுக்குத் தெரிந்திருக்குமே. தண்ணீர் அசையவில்லை என்றால் எந்தக் குருடனுக்கும் தெரியும், இந்தப் பக்கம் அடைத்திருக்கிறது என்று. முதல் முளையிலேயே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே அடித்திருக்கிறான். ஏன்? தண்ணீர் என்மேல் வந்து விழட்டும் என்றா. அவளுக்கு ஒரு பிடி மண் போடாதவன், அவள்மேல் இருக்கிற மண்ணும் போகட்டும் என்றா. இல்லை, அவ்வளவு தூரம் போக மாட்டான். போவானா. அன்றைக்கு மழைக்குப் பிறகு மேலே நின்று வேரைத்தானே பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்குத் தெரியும் எங்கே என்று. பிறகு ஏன் வாய் திறக்கவில்லை. நான் ஏன் திறக்கவில்லை. நான் மூத்தவன், எடு என்று சொல்ல வேண்டியது முன்னால் போகிறவன். முன்னால் போகிறவன் சொன்னால்தான் பின்னால் நிற்பவன் எடுக்க வேண்டும், காலையிலிருந்து அதுதானே முறை. முறைப்படிதான் நின்றேன். இப்படி நினைத்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.  யமுனா வந்ததும் அவளிடம் சொல்லலாம். சித்தப்பாகிட்ட சொல்லும்மா, கொன்றையிலிருந்து திரும்பப் பார்க்கணும் என்று. ஏன் என்று கேட்பாள். விரலை எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். ஏன் எடுக்கவில்லை என்று கேட்பாள். ஏன் கேட்கவில்லை என்று அவனையும் கேட்பாள். பெண்கள் எல்லோரும் கூடையோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். பாட்டிலில் கரைந்தது போதாது என்று இதையும் சேர்த்துச் சொல்லிச் சிரிப்பார்கள், அண்ணனும் தம்பியும் ஊமையாக நின்று வரப்பைக் கெடுத்த கதை என்று. சொல்லாமல் விட்டுவிட்டால்? கல் அடுக்கிவிடுவார்கள், மழை வரும்வரை யாருக்கும் தெரியாது. மழை வந்த பிறகு நான் மட்டும் காலையில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஓடைத் திருப்பத்தில் பெண்கள் பேச்சுச் சத்தம் வந்துவிட்டது. யாரோ பாடுகிறாள், யாரோ போதும் நிறுத்துடி என்கிறாள். வந்தார்கள் என்றால் கைக்கு எட்டின கல்லை எடுத்து முளைக்கு முளை வைத்துக்கொண்டே போவார்கள், வேகமான கைகள். வெள்ளையன் அடுத்த முளையைப் பள்ளத்தின் அந்தப் பக்கம் ஊன்றிவிட்டுச் சுத்தியலைத் தூக்குகிறான். என்னவென்று கூப்பிடுவது. சின்ன வயசில் வெள்ளை என்று கூப்பிடுவேன், வெள்ள, டே வெள்ள. அதை இப்போது கூப்பிட முடியாது, வாயில் வராது. தம்பி என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. பெயர் இல்லாமல் ஒரு ஆளிடம் பேசுவது எப்படி என்று இத்தனை வருஷத்தில் நான் யோசித்ததே இல்லை, நாய் இருந்தது, ஆடு இருந்தது, நல்லம்மா இருந்தவரை நல்லம்மா இருந்தாள், உங்க தம்பிகிட்ட நானே சொல்றேன் என்று எழுந்து போவாள்.

"முளையைப் பிடுங்கு" என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. காலையிலிருந்து அவளிடம் பேசிய குரல் இல்லை இது. சுத்தியல் மேலேயே நின்றது. அவன் பக்கத்தில் கீழே பார்த்தான். நாய் இல்லை. வழியைப் பார்த்தான், யமுனா இன்னும் திருப்பத்தைத் தாண்டவில்லை. கடைசியில் முளையைப் பார்த்துக்கொண்டு, "எதுலேருந்து" என்றான்.

"கொன்னையிலேருந்து. நான் விரலை எடுக்கல."

"தெரியும்."

"தெரிஞ்சா சொல்றதுக்கென்ன."

 "நீ வேணும்னே அடச்சுகிட்டிருக்கன்னு நெனச்சேன்" என்றான். "ஏதோ ரோசத்துல இருக்க, இருந்துட்டுப் போவட்டும்னு விட்டேன்."

"கீழ என்ன இருக்குன்னு தெரியாதா உனக்கு."

 கொய்யா மரத்தின் பக்கம் அவன் திரும்பவில்லை. குனிந்து முளையைப் பிடுங்கினான். அதற்கு முன்னால் அடித்ததையும் பிடுங்கினான், அதற்கு முன்னால் அடித்ததையும், பிடுங்கிப் பிடுங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு என் பக்கமாக மேலே ஏறி வந்தான். இவ்வளவு பக்கத்தில் அவன் முகத்தைப் பார்த்து எவ்வளவோ காலமாகிறது, அப்பாவின் கன்னம் அவனுக்கு வந்திருக்கிறது, எனக்கு வரவில்லை. எனக்கு வந்திருக்க வேண்டியது. நான் கொன்றை மரத்து முளையில் போய் நின்றேன், அவன் குழாயை இழுத்துக்கொண்டு கடந்து போனான், போகும்போது வேர்வையும் புகையிலையும் கலந்த வாசனை வந்தது. பெண்கள் மேலே ஏறிவிட்டார்கள், யமுனா தூரத்திலிருந்து, "முடிஞ்சுதா பெரியப்பா" என்றாள். நான் கையைக் காட்டி அங்கேயே நிற்கச் சொன்னேன். அவள் ஏதோ புரிந்துகொண்டவள் மாதிரி பெண்களைத் தடுத்து உட்காரவைத்தாள்.

"எடு" என்றான் வெள்ளையன்.

எடுத்தேன். வெளுத்திருந்த விரலில் காற்றுப் பட்டது. நீலத் தண்ணீர் குழாய்க்குள் சரேலென்று இறங்கியது, பிறகு ஏறியது. "மேல போ" என்றேன். ஏறினான். "இன்னும் கொஞ்சம். போதும், போதும்." அவன் மேல்காட்டுக்குள் நன்றாக ஏறி நிற்கிறான், அவன் காட்டில் ஒரு துண்டு வரப்புக்குக் கீழே என் பக்கம் வந்துவிடும், அதை அவனும் பார்த்தான், கம்பை அங்கேயே ஊன்றினான். தண்ணீர் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, ஆனால் நிற்கவில்லை. நின்ற பிறகுதான் குறிக்க வேண்டும். காத்திருந்தேன். தண்ணீர் கோட்டுக்கு மேலேயும் கீழேயும் சின்னதாகத் துள்ளிக்கொண்டே இருந்தது. என் கம்பு அசைகிறதோ என்று பார்த்தேன், அசையவில்லை, கம்பை மரத்தோடு சேர்த்து வைத்திருந்தேன். "சும்மா பிடி" என்றேன்.

"சும்மாதான் பிடிச்சிருக்கேன்."

"ஆடுது."

"ஆடல."

தண்ணீர் ஆடியது. நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். கம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தான், இடது கையால் வலது கையின் மணிக்கட்டை அழுத்தியிருந்தான். அப்படி அழுத்தியும் ஆடியது. எத்தனை நாளாக இப்படி. மேலே நின்று நாயிடம் பேசும்போது கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே இருப்பான், திமிர் என்று நினைத்திருக்கிறேன். இந்த வருஷமா, போன வருஷமா, நல்லம்மா போனதற்கு முன்னாலா, குழி வெட்டியபோது இருந்ததா, யாருக்குத் தெரியும், கேட்டால் சொல்ல மாட்டான், கேட்க எனக்கும் வராது. பிடி மண்ணை நான் மறக்கவில்லை. அது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் என் பக்கத்துக் குழாயில் அவன் கை ஆடிக்கொண்டிருந்தது, ஒரு விரல் அகலத் தண்ணீரில், என் கண்ணுக்கு நேரே.

"உக்காந்து பிடி" என்றேன்.

"உக்காந்தா எனக்குக் கோடு தெரியாது."

"எனக்குத் தெரியுது. நீ உக்காரு."

உட்காரவில்லை. பெண்கள் இருக்கிற பக்கம் பார்த்தான். அவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள், எங்களை யாரும் கவனிக்கவில்லை, யமுனா மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல முழங்காலை மடக்கினான், ஒரு கையைத் தரையில் ஊன்றி, பொத்தென்று உட்கார்ந்தான். கம்பை நேராக நிறுத்தித் தோளோடு அணைத்துக்கொண்டு, குழாயை அதோடு சேர்த்து இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான். தண்ணீர் ஒரு தடவை பெரிதாக ஏறி இறங்கியது. பிறகு சின்னதாக. இன்னும் சின்னதாக. மேகம் வெயிலை மறைத்தது, நீலம் கறுத்தது, நான் முகத்தைக் குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். நின்றுவிட்டது. கோட்டுக்கு நேராக, அசையாமல் நிற்கிறது. சொன்னால் எழுந்துவிடுவான். நான் இன்னும் சொல்லவில்லை.